மூணு தடவை கக்குன செவலை: ஃப்ரோசன் எலி தின்னு வளர்ற ஒரு போவா பாம்புக்குட்டியோட முழுக் கேஸ்

காரைக்குடி பக்கம் பள்ளத்தூர்ல ஒரு தம்பி வீட்டுல வளர்ற போவாக்குட்டி, பேரு செவலை, வால் பக்கம் செவலைக்காளை நிறத்துல இருக்கும் அதான் அந்தப் பேரு. 2024 நவம்பர் 9லேர்ந்து டிசம்பர் 13க்குள்ள, அஞ்சே வாரத்துல, தின்ன எலியை மூணு தடவை கக்கிருச்சு. 412 கிராம் இருந்த குட்டி 348க்கு இறங்கிருச்சு. வரிசையா மூணு தடவை கக்குறதுங்கிறது போவாவுக்கு உயிர் விஷயம், நாலாவது தடவை தாங்கியிருக்குமான்னு எனக்கு இப்பவும் தெரியல. பொழச்சுருச்சு, அது வரைக்கும் சந்தோஷம். ஏன் கக்குச்சு, எப்படிக் கண்டுபிடிச்சோம், நான் எங்க தப்பா யோசனை சொன்னேன் எல்லாத்தையும் தேதியோட எழுதிவைக்கிறேன், ஏன்னா நம்ம பக்கம் போவா வளர்க்குற பசங்க கூடிக்கிட்டே போறாங்க, தமிழ்ல இதைப் பத்தி எழுதினது ரொம்பக் கம்மி.

முதல்ல ஒரு விஷயம் சொல்லிடுறேன். இது மத்திய அமெரிக்கா, கொலம்பியா பக்கத்து இனம், போவா இம்பரேட்டர்னு சொல்றது, வளர்ப்புலயே பொறந்த குட்டி. உயிரின வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸோட ரெண்டாவது பட்டியல்ல வர்றதால 2024ல வந்த விதிப்படி மத்திய அரசோட பரிவேஷ் தளத்துல பதிவு பண்ணி பேப்பர் இருக்கு. நம்ம ஊர் மலைப்பாம்பு, மண்ணுளி ரெண்டையும் வீட்டுல வைக்கவே கூடாது, அது வனவிலங்குச் சட்டத்துல பாதுகாப்புல இருக்கு. செவலையைப் பாத்துட்டு "எங்க தோப்புல ஒரு மண்ணுளி கிடக்கு, இதே மாதிரி வளக்கவா"ன்னு ஒருத்தர் கேட்டாரு, வேணாம்ணே அதை அப்படியே விட்ருங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்.

இனி கேஸ். தம்பி இதை 2023 டிசம்பர்ல வாங்கினான், அப்ப மூணு மாசக் குட்டி, 78 கிராம். ஆரம்பத்துலேர்ந்து ஃப்ரோசன் எலிதான், உயிர் எலி ஒரு தடவைகூடப் போட்டதில்ல. முதல் நாலு மாசம் 8, 10 கிராம் ஹாப்பர் சைஸ் சுண்டெலி, பன்னெண்டு நாளைக்கு ஒண்ணு. அப்புறம் 20லேர்ந்து 25 கிராம் பெரிய சுண்டெலி. ஆகஸ்ட்லேர்ந்து 30 சொச்சம் கிராம் வெள்ளெலி, வீனர்னு சொல்ற சைஸ், பதினாலு நாளைக்கு ஒண்ணு. எல்லாமே உடம்பு எடையில பத்துல ஒரு பங்கை ஒட்டி. ஒரு தடவைகூடக் கக்கல, கழிவு ஒழுங்கா வந்துச்சு, தோல் முழுசா ஒரே துண்டா உரிச்சுச்சு. இந்தக் காலம் பூரா எலி என்னோட டீப் ஃப்ரீசர்லதான் இருந்துச்சு, காரைக்குடிக்கு வர்றப்ப அஞ்சு, ஆறு எடுத்துட்டுப் போயி உடனே முடிச்சுருவான். இது ஒரு முக்கியமான விஷயம்னு அப்ப எங்க ரெண்டு பேருக்குமே உறைக்கல.

செப்டம்பர் கடைசியில அவனே சென்னையிலேர்ந்து 25 உருப்படி ஒரே பார்சலா தெர்மோகோல் பெட்டியில ஆம்னி பஸ்ல வரவழைச்சான். காலையில இறக்கி நேரா வீட்டுக்குக் கொண்டுபோய் பின்கட்டுல இருக்குற பழைய சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ்ல ஃப்ரீசர் பெட்டிக்குள்ள வச்சுட்டான். அடுப்படி ஃப்ரிட்ஜ்ல எலி வைக்க அவனோட அப்பத்தா சம்மதிக்கல, அது நியாயம், சாப்பாட்டுச் சாமானோட எலியை வைக்கவே கூடாது. உறைய வச்சாலும் வயித்துப்போக்கு வர வைக்கிற சால்மொனெல்லா கிருமி சாகாது. 2010ல அமெரிக்காவுல பாம்புத் தீனிக்கு வித்த ஃப்ரோசன் எலியால மனுஷங்களுக்கு அந்த நோய் பரவி சரக்கையே திருப்பி வாங்குனாங்க. அதனால தனி ஃப்ரிட்ஜ்ங்கிற முடிவு சரிதான். எந்த ஃப்ரிட்ஜ்ங்கிறதுல வந்துச்சு வினை.

நவம்பர் முதல் வாரம் தம்பி போன் பண்ணி "அண்ணே, இது இப்பல்லாம் எலியைத் தின்னுட்டு இன்னும் கேக்குற மாதிரி நாக்கை நீட்டிக்கிட்டே சுத்துது, அடுத்த சைஸ் போடவா"ன்னான். நான் பைக்ல போய்க்கிட்டு இருந்தேன், எடை என்னன்னு கேக்காம "போடு, போடு, பதினாலு மாசம் ஆச்சுல்ல"ன்னு சொல்லிட்டேன். இது என் தப்பு. போவா எப்பவும் பசிக்கிற மாதிரிதான் காட்டும், காட்டுல அதுக்கு எப்ப எது மாட்டும்னு தெரியாது, கிடைக்கிறப்ப தின்னுக்கணும்னு இருக்குற பொறப்பு அது, நாக்கு நீட்டுறதை வச்சு வயித்தைக் கணக்குப் போடக்கூடாது. அவன் அந்தப் பார்சல்லயே இருந்த பெரிய எலி ஒண்ணை எடுத்துருக்கான், 88 கிராம். 412 கிராம் பாம்புக்கு 88 கிராம்னா அஞ்சுல ஒரு பங்குக்கு மேல. 36லேர்ந்து ஒரே தாவல்.

நவம்பர் 9 சனிக்கிழமை ராத்திரி தின்னுச்சு. 12ஆம் தேதி செவ்வாய் ராத்திரி கக்கிருச்சு. தலைப்பக்கம் கரைஞ்சு, பின்பக்கம் முடியோட அப்படியே, நாத்தம் தாங்கலன்னான். பயந்துபோய் எனக்குச் சொல்லல, திட்டுவேன்னு நினைச்சுக்கிட்டான். வயிறு காலியா கிடக்கேன்னு அஞ்சு நாள் கழிச்சு, 17ஆம் தேதி ஞாயிறு, பழைய சைஸே 36 கிராம் ஒண்ணு குடுத்துருக்கான். 19ஆம் தேதி அதுவும் வெளிய. அப்பதான் போன் வந்துச்சு, அழுதுட்டான்.

கக்குன பாம்புக்கு உடனே தீனி போடுறதுதான் இந்த விஷயத்துல நடக்குற பெரிய கொடுமை, பாசத்துல செய்யுறதாலயே அது நிக்க மாட்டேங்குது. எலி வயித்துக்குள்ள போனதும் பாம்பு அமிலத்தைச் சுரக்க ஆரம்பிக்கும். பர்மா மலைப்பாம்புல அளந்து பாத்துருக்காங்க, தின்னு ஒரு நாள்ல வயித்து பிஎச் 7க்கு மேலேர்ந்து 2க்கு வந்துருது (பிஎச் எவ்வளவு குறையுதோ அமிலம் அவ்வளவு கடுமை). அவ்வளவு கடுமையான அமிலம் பாதி கரைஞ்ச எலியோட தொண்டை வழியா திரும்பி வர்றப்ப உணவுக்குழாய் வெந்துரும், செரிக்கவைக்கிற நல்ல கிருமியும் சேந்து வெளிய போயிரும். அதெல்லாம் ஆறிச் சேர்றதுக்குக் கொறஞ்சது ரெண்டு வாரம், நான் மூணு வாரம்னு சொல்லுவேன். தண்ணி மட்டும் வச்சா போதும். 400 கிராம் போவா மூணு வாரம் பட்டினி கிடந்தா அதுக்கு ஒண்ணும் ஆகாது, மனுஷக் கணக்கு இங்க செல்லாது.

21ஆம் தேதி நேர்ல போனேன். வளவுல மழைத்தண்ணி சொட்டிக்கிட்டு இருந்துச்சு, ஐப்பசி முடிஞ்சு கார்த்திகை பொறந்த நேரம். செவலையோட என்க்ளோஷர், அதாவது கூண்டு, இரண்டாங்கட்டு அறையில ஆத்தங்குடிக் கல்லு மேல நேரா உக்காந்துருந்துச்சு, பலகை ஒண்ணும் இல்ல. கோடையில அந்தத் தரையும் உசந்த கூரையும் சுண்ணாம்புச் சுவரும் எவ்வளவு சுகம்னு நமக்குத் தெரியும், ஆனா மழைக்காலத்துல அது கீழேர்ந்து சூட்டை உறிஞ்சிக்கிட்டே இருக்கு. தெர்மோஸ்டாட்ல 31ன்னு காட்டுது, பாம்பு படுக்குற இடத்துல இன்ஃப்ராரெட் கன் வச்சு அளந்தா 27தான். சென்சாரை ஹீட்டருக்குப் பக்கத்துல ஒட்டி வச்சுருக்கான், அதனால அது பொய் சொல்லிக்கிட்டு இருந்துருக்கு. போவாவுக்குச் சூடான பக்கம் 30லேர்ந்து 32, குளிர்ந்த பக்கம் 25, 26 வேணும், செரிமானம் பூராவும் அந்தச் சூட்டுல ஓடுற வேலை. சூடு பத்தலன்னா அமிலம் ஜெயிக்கிறதுக்கு முன்னாடி எலி உள்ளயே அழுக ஆரம்பிச்சுரும், அப்ப உடம்பே அதை வெளிய தள்ளிரும். கீழ ஒரு தேக்குப் பலகையும் ரெண்டு தெர்மோகோல் ஷீட்டும் போட்டோம், சென்சாரைப் பாம்பு படுக்குற இடத்துல வச்சோம், 31 நின்னுச்சு. சைஸ் பெருசு, சூடு கம்மி, ரெண்டாவது தடவை அவசரம், கேஸ் முடிஞ்சதுன்னு நினைச்சுக்கிட்டு வந்தேன். முடியல.

டிசம்பர் 10 செவ்வாய், மூணு வாரப் பட்டினிக்கப்புறம், நானே கூட இருந்து 18 கிராம் குட்டி எலி ஒண்ணு குடுத்தோம், எடையில இருபதுல ஒரு பங்குதான். சூடு சரி, சைஸ் சரி, தொடக்கூடாதுன்னு துணி போட்டு மூடிட்டோம். 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலையில கக்கிருச்சு. வயிறு கலங்கிருச்சு எனக்கு.

மூணாவது தடவைன்னா நோயைத்தான் நினைக்கணும். போவாவுல கக்குறதுன்னா முதல்ல பயப்படுறது ஐபிடி, இன்க்ளூஷன் பாடி டிசீஸ், அரீனா வைரஸ் வகையில வருதுன்னு 2012ல கண்டுபிடிச்சாங்க, மருந்து கிடையாது. அந்த நோய் வந்த போவா தலையை மேல பாத்து வளைச்சுக்கிட்டு நிக்கும், மல்லாக்கப் போட்டா திரும்பத் தடுமாறும். செவலையைக் கையில வச்சு மெதுவாத் திருப்பிப் பாத்தேன், உடனே திரும்பிருச்சு, நாக்கு ஒழுங்கு, உண்ணி ஒண்ணும் இல்ல. இன்னொண்ணு கிரிப்டோ, கிரிப்டோஸ்போரிடியம்ங்கிற ஒட்டுண்ணி, அது வயித்துச் சுவரைத் தடிக்க வச்சுரும், நடு உடம்புல வீக்கம் தெரியும், அது இல்ல. இருந்தாலும் திருச்சியில பாம்பு பாக்குற ஒரு டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனோம், கழிவையும் கக்குனதையும் கண்ணாடித்தகட்டுல சாயம் போட்டுப் பாத்தாரு, கிரிப்டோ இல்ல, புழு இல்ல. அவர் கேட்ட ஒரு கேள்விதான் திருப்பம்: "எலி எங்க வச்சிருக்கீங்க, கரைக்கிறப்ப வயிறு என்ன நிறத்துல இருக்கு?"

எனக்கு அப்பதான் 10ஆம் தேதி ராத்திரி ஞாபகம் வந்துச்சு. அந்தக் குட்டி எலியைச் சுடுதண்ணியிலேர்ந்து எடுக்குறப்ப வயித்துல லேசா பச்சை பூத்துருந்துச்சு, முடி விரல்ல கொஞ்சம் ஒட்டுச்சு. பாத்தேன், ஆனா பசியில இருக்குற குட்டியைப் பாத்துக்கிட்டே கண்டுக்காம விட்டுட்டேன். நல்ல ஃப்ரோசன் எலி கரைஞ்சா வெளுத்த ரோஸ் நிறத்துல வயிறு கெட்டியா இருக்கும், மணம் ஏறக்குறைய இருக்காது. பச்சை வயிறு, ஊதுன வயிறு, முடி கழண்டு வர்றது, தொட்டா பொத்துக்குறது எல்லாம் ஒரே சேதிதான், ஏற்கனவே ஒரு தடவை கரைஞ்சு குடல் அழுக ஆரம்பிச்சு மறுபடி உறைஞ்சிருக்கு.

மொதல்ல பஸ் பார்சலைத்தான் சந்தேகப்பட்டோம். ஆனா இறக்குறப்ப கல்லு மாதிரி இருந்துச்சுன்னு தம்பி சத்தியம் பண்றான், போட்டோவும் இருக்கு, பெட்டிக்குள்ள பனி அப்படியே தெரியுது. அப்ப ஃப்ரிட்ஜ். கரண்ட் கட்டான்னா அந்த ரெண்டரை மாசத்துல மாதாந்திரப் பராமரிப்புக்கு ரெண்டு நாள் பகல் பூரா போயிருக்கு, அது ஒரு காரணமா இருக்கலாம், ஆனா அவ்வளவு பச்சை பிடிக்கணுமான்னு எனக்கு மனசு ஒப்பல. அதனால ஒரு பழைய வேலை செஞ்சோம். எவர்சில்வர் டம்ளர்ல தண்ணி ஊத்தி உறைய வச்சு, மேல ஒரு ரூபாக் காசை வச்சு, டிசம்பர் 18 புதன்கிழமை எலிக்குப் பக்கத்துல ஃப்ரீசர்ல வச்சோம். கரைஞ்சா காசு முங்கிரும், மறுபடி உறைஞ்சாலும் காசு கீழதான் கிடக்கும். ஆள் பாக்காத நேரத்துல நடந்ததுக்கு அந்தக் காசுதான் சாட்சி.

21ஆம் தேதி சனிக்கிழமை திறந்தான். தண்ணி கல்லா உறைஞ்சிருக்கு, காசு அடியில கிடக்கு. அந்த மூணு நாள்ல கரண்ட் போகவே இல்ல.

அப்பத்தாகிட்ட போய் உக்காந்து மெதுவா கேட்டோம். "வெள்ளிக்கிழமை வீடு கழுவுறப்ப அந்தப் பெட்டிக்குள்ள ஐஸ் மலை மாதிரி ஏறிக்கிடக்கும்ப்பா, நடுவுல இருக்குற பட்டனை அமுக்கி விட்டா உருகி ஓடிரும், சாயங்காலம் தட்டுத் தண்ணியைக் கொட்டிருவேன், இருவது வருசமா செய்யுறேன்"னாங்க. அவ்வளவுதான் கேஸ். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ்ல டிஃப்ராஸ்ட் பட்டன் அமுக்குனா கம்ப்ரஸர் நின்னுரும், ஐஸ் உருகி முடிஞ்சப்புறம் தானா திரும்ப ஓடும். அதுக்குள்ள பின்கட்டு வெக்கையில எலியெல்லாம் மெத்துன்னு ஆகி அப்புறம் திரும்ப உறையும். செப்டம்பர் கடைசிலேர்ந்து கணக்குப் போட்டா முதல் தடவை கக்குனதுக்கு முன்னாடி ஆறு வெள்ளிக்கிழமை, மூணாவதுக்கு முன்னாடி பத்து. எலியோட குடல்ல கிருமி அதுபாட்டுக்கு இருக்கும், செத்த எலியில ஒவ்வொரு உருகலுக்கும் அது பெருகும், மறுபடி உறைஞ்சா நிக்கும், சாகாது. அப்பத்தாவுக்கு முகம் வாடிப்போச்சு, "அந்தச் சீவனுக்கு நானா இப்படிப் பண்ணேன்"னு கேட்டாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல, உள்ள எலி இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும், உருகக்கூடாதுன்னு யாரும் சொல்லல, சொல்ல வேண்டியது நாங்க ரெண்டு பேரு.

என் தீர்ப்பு இதுதான்: முதல் தடவைக்கு சைஸ், சூடு, கெட்ட எலி மூணும் சேந்து காரணம். ரெண்டாவதுக்கு ஆறாத வயிறும் கெட்ட எலியும். மூணாவதுக்கு எலி மட்டும்தான்னு சொல்லுவேன். சைஸை மட்டும் திருத்தியிருந்தா செவலை செத்துருக்கும், ஏன்னா எல்லாம் சரியாப் பண்றோமேன்னு அதே பெட்டியிலேர்ந்து எடுத்துப் போட்டுக்கிட்டே இருந்துருப்போம்.

மிச்ச எலி அத்தனையும் தோட்டத்துல ஆழமாக் குழி வெட்டி சுண்ணாம்பு போட்டுப் புதைச்சோம். சின்ன டீப் ஃப்ரீசர் ஒண்ணு வாங்கினான், மைனஸ் 18ல நிக்குது. காலி இடத்துல தண்ணி பாட்டில் உறைய வச்சு நிரப்பியாச்சு, கரண்ட் போனாலும் மூடியைத் திறக்காத வரைக்கும் அதுவே குளிரைப் பிடிச்சுக்கும்.

இதுக்கிடையில யோசனைக்குப் பஞ்சமே இல்ல. ஒருத்தர் உயிர் எலி போடச் சொன்னாரு, பலவீனமா கிடக்குற பாம்பை எலி கடிச்சுக் கண்ணைப் பிடுங்கிரும், எலிக்கும் அது கொடுமை. வயலெலி பிடிச்சுத் தர்றேன்னாரு இன்னொருத்தர், அதுல புழுவும் இருக்கும், எலிமருந்து தின்னதா இருந்தா விஷம் பாம்புக்குள்ள போயிரும். கோழிக்கறித் துண்டுன்னு ஒரு யோசனை, வெறும் சதையில கால்சியம் ரொம்பக் கம்மி, எலும்பு ஈரல் முடி எல்லாம் சேந்த முழு எலிதான் அதுக்கு முழுச் சாப்பாடு.

2025 ஜனவரி 3 வெள்ளிக்கிழமை. மறுபடியும் மூணு வாரம் காத்துருந்து, 348 கிராம் உடம்புக்கு வெறும் 10 கிராம் சுண்டெலி. கரைக்கிற முறையைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், இதுல ஆளாளுக்குக் குறுக்கு வழி வச்சுருக்காங்க. முதல் நாள் ராத்திரி எலியை ஜிப்லாக் கவர்ல போட்டு அதுக்குன்னு வச்சுருக்குற பழைய ஃப்ரிட்ஜோட கீழ்த்தட்டுல வைக்கணும், வெளிய மேசையில இல்ல. மறுநாள் சாயங்காலம் கவரோட, கை பொறுக்குற சுடுதண்ணியில, 40 டிகிரி வாக்குல, பத்திருபது நிமிஷம். கொதிதண்ணி ஊத்துனா தோல் வெந்து வயிறு வெடிக்கும், மைக்ரோவேவ்னா ஒரு பக்கம் வெந்து ஒரு பக்கம் ஐஸ். எடுத்து வயித்தை ரெண்டு விரலால அமுக்கிப் பாக்கணும், உள்ள கட்டியா எதுவும் தட்டுப்பட்டா திரும்பத் தண்ணிக்குள்ள. நடுவுல ஐஸோட போன எலி வயித்தைக் குளிர வச்சே கக்க வைக்கும். துடைச்சுக் காய வச்சு, கடைசியா தலைப்பக்கம் மட்டும் ஒரு நிமிஷம் சூடு காட்டணும். மலைப்பாம்பு மாதிரி உதட்டுல குழி தெரியாட்டியும் போவாவுக்கும் உதட்டுச் செதிள்ல சூடு உணர்ற நரம்பு இருக்கு, சூடான தலையைத் தேடித்தான் கொத்தும். கரைச்சது மிச்சமானா திரும்ப உறைய வைக்கவே வைக்காதீங்க, புதைச்சுருங்க.

நீளக் கிடுக்கியால பிடிச்சுக் காட்டுனோம், ஒரே பாய்ச்சல், சுத்திக்கிச்சு. சுத்துனப்புறம் கிடுக்கியால எலி வாலை விட்டு விட்டு லேசா இழுத்துக்கிட்டே இருந்தேன். 2012ல ஒரு ஆராய்ச்சி, செத்த எலிக்குள்ள செயற்கையா இதயத்துடிப்பு மாதிரி துடிக்க வச்சு போவாகிட்ட குடுத்துருக்காங்க, துடிக்கிற வரைக்கும் கூடுதல் நேரம் கூடுதல் பலத்தோட இறுக்கியிருக்கு, துடிப்பு நின்னா விட்டுருக்கு. ஃப்ரோசன் எலியில துடிப்பு கிடையாது, அதனால வளர்ற குட்டிக்குத் தசைக்கு வேலை கொடுக்க நாமதான் அசைக்கணும். செவலை தன்கிட்ட இருந்த பலத்தையெல்லாம் போட்டு இறுக்குன மாதிரி இருந்துச்சு எனக்கு, அவ்வளவு இறங்கிப்போன உடம்புலேர்ந்து. அப்புறம் மூணு நாள் அறைக்குள்ள யாரும் போகல, ஒரு வாரம் யாரும் தொடல.

4, 5, 6 போச்சு. 7 போச்சு. தம்பி தினம் காலையில "இல்லண்ணே"ன்னு ஒரே வார்த்தை அனுப்புவான், கக்கலன்னு அர்த்தம். 15ஆம் தேதி மாட்டுப்பொங்கல் அன்னைக்கு முதல் கழிவு, கெட்டியா, சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கட்டியோட. அப்பத்தா அதைக் கேட்டுட்டு அன்னைக்குப் பூராவும் வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

அப்புறம் அவசரமே படல. ஜனவரி 18ல 14 கிராம், பிப்ரவரி 3ல 20, 20ஆம் தேதி 24, மார்ச் பூரா அதே 24, பதினாறு நாள் இடைவெளி. ஏப்ரல்ல 30. எடை ஏப்ரல் கடைசியில 409. கொழுக்க வச்சு வேகமா வளத்துறலாம்தான், போவா உடம்பு தின்னதையெல்லாம் கொழுப்பாச் சேத்து ஈரலைக் கெடுத்துக்கும், வயசுக்கு வந்ததுக்கு மாசம் ஒரு எலியே தாராளம். நடு உடம்போட அகலத்தை எலி தாண்டக்கூடாது, எடையில பத்துல ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, ஒவ்வொரு தீனிக்கு முன்னாடியும் பாம்பு, எலி ரெண்டையும் சமையல் தராசுல வைக்கணும், இதுக்காகத் தனித் தராசு. போன்ல யாராவது "அடுத்த சைஸ் போடவா"ன்னு கேட்டா இப்பல்லாம் வண்டியை ஓரம் கட்டிட்டு ரெண்டு எடையும் என்னன்னு கேக்குறேன்.

டீப் ஃப்ரீசர்லயும் அந்த டம்ளரும் ரூபாக் காசும் இருக்கு. மே மாசம் பராமரிப்புக்குக் காலை 9லேர்ந்து சாயங்காலம் 5 வரைக்கும் கரண்ட் இல்லாத அன்னைக்கு, தம்பி மதுரையில இருந்தான். ராத்திரி அப்பத்தாதான் மூடியைத் திறந்து பாத்துட்டு எனக்கு போன் பண்ணாங்க: "காசு மேலதான்ப்பா இருக்கு."